எண்ணிக்கை சரியானதும் இமாட்டினிப் மாத்திரையை நிறுத்தலாமா?

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் 52 வயது அப்பாவுக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். ஐந்து மாதமாக இமாட்டினிப் 400 மி.கி. தினம் ஒரு மாத்திரை. வெள்ளை அணு 1,80,000-இல் இருந்து 6,400-க்கு வந்துவிட்டது. காலையில் கண்ணிமை வீங்குகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா, இல்லை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் மாத்திரையின் கம்பெனி மாறியது பற்றியும், தோட்டத்து ஆரஞ்சு சாப்பிடலாமா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: எண்ணிக்கை சரியாகிவிட்டால் நோய் போய்விட்டதா? போகவில்லை. எண்ணிக்கை சரியானது நல்ல சேதி, மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு முதல் அடையாளம். ஆனால் அதை வைத்து மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் இந்த நோயில் செய்யக்கூடிய பெரிய தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேலத்தில் ரத்தநோய்ப் பிரிவு ஒன்றில் மருந்தாளுநர். இந்த மாத்திரையைக் கொடுப்பதும், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி அனுப்புவதும், என்ன தொந்தரவு வந்தது என்று அடுத்த முறை கேட்டு எழுதி வைப்பதும் என் அன்றாட வேலை. மருத்துவர் அல்லன், அப்பாவின் ரிப்போர்ட்டுகளையும் பார்க்கவில்லை. ஆகவே மருந்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்வேன். அவருக்கு இன்ன டோஸ் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலில் இந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி அதன் காரணத்தைக் கண்டறிந்தார்: 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்டில் பி.சி.ஆர்.–ஏ.பி.எல். (BCR-ABL) என்று ஒரு கலப்பு மரபணு உருவாகிறது. அது உண்டாக்கும் புரதம் 'பெருகு, பெருகு' என்று வெள்ளை அணுவுக்கு ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் புரதம் வேலை செய்யத் தேவையான சக்தி மூலக்கூறு வந்து உட்காரும் இடத்தில் இமாட்டினிப் போய் உட்கார்ந்துகொள்கிறது, கட்டளை நின்றுபோகிறது. வழக்கமான கீமோவைப் போலப் பெருகுகிற எல்லா அணுக்களையும் சேர்த்துத் தாக்குவதில்லை என்பதால்தான் அப்பா மாத்திரை போட்டுக்கொண்டே தோட்டத்துக்குப் போய்வர முடிகிறது. 2001 மே மாதம் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இந்த நோய்க்கு இண்டர்பெரான் ஊசி, அல்லது பொருந்தும் கொடையாளி இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றம். மற்றவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா கொடுத்து எண்ணிக்கையை இறக்கி வைப்பார்கள். சில ஆண்டுகளில் நோய் முற்றிவிடும். இமாட்டினிப்பை முதல் மருந்தாகத் தொடங்கியவர்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த பெரிய பன்னாட்டு ஆய்வில், பத்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் சுமார் 83 சதவீதம். ஒரு ரத்தப் புற்றுநோயில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, பழைய நாட்களைப் பார்த்த மருத்துவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நோய் கண்டுபிடிக்கும் நேரத்தில் உடம்பில் நோயுள்ள அணுக்கள் தோராயமாக ஒரு லட்சம் கோடி இருக்கும் என்பது ஒரு கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ மிச்சமிருந்தால்கூட சாதாரண ரத்த எண்ணிக்கை நார்மல் என்றே காட்டும். அதாவது 6,400 என்று ரிப்போர்ட் வரும் நாளில் உள்ளே ஆயிரம் கோடி அணு இருக்கக்கூடும். காபிச் செடிக்கு நடுவே களையை அரிவாளால் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டால் தோட்டம் சுத்தமாகத் தெரியும். அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் எவ்வளவு என்று காட்டும் பரிசோதனை வேறு: பி.சி.ஆர்.–ஏ.பி.எல். அளவை ரத்தத்தில் எண்ணிச் சொல்லும் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை. தமிழில் எழுதினால் மரபணுவின் பெயரும் பரிசோதனையின் பெயரும் ஒன்றுபோலத் தெரியும், இரண்டும் வேறு. அதன் முடிவு சதவீதமாக வரும். மூன்று மாதத்தில் 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, ஆறு மாதத்தில் 1 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, ஒரு வருடத்தில் 0.1 சதவீதம் அல்லது அதற்குக் கீழே. இதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் பார்க்கும் படிக்கட்டு. 0.1 என்ற நல்ல நிலையிலும் நூறு கோடி அணு பாக்கி என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் எழுதியதில் பி.சி.ஆர். எண் எங்கும் இல்லை. மூன்றாம் மாதம் எடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அடுத்த முறை போகும்போதே கேளுங்கள். ஒரே ரிசல்ட்டை வைத்து மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை, போக்கைத்தான் பார்ப்பார்கள். எண் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'மாத்திரை விடாமல் போட்டாரா?' என்பதாகத்தான் இருக்கும்.

இந்தப் பரிசோதனையில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட் இப்போது பயன்படாது. சர்வதேச அளவுகோலில் சதவீதம் போட்ட ரிப்போர்ட்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண் ஏறியதா, லேப் வித்தியாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். ரத்தம் ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்கப்படும். சேலத்தில் பல லேப்கள் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்புகின்றன. இந்தப் பரிசோதனை பார்ப்பது ஆர்.என்.ஏ.வை, அது சீக்கிரம் சிதைந்துவிடும். ஒரு நாளில், தாமதித்தால் இரண்டு நாளுக்குள், குளிர்ச்சியாக, ஆனால் உறையாமல் போய்ச் சேர வேண்டும். அதனால் வார நடுவுக்கு முன்பே கொடுங்கள். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்கக் கிடந்து பழுதாகும் வாய்ப்பு இருக்கிறது. பழுதான மாதிரியில் நோய் இல்லை என்று பொய்யாகக் காட்டவும் கூடும். இன்னொன்றையும் பாருங்கள்: முதல் முதலில் நோய் கண்டுபிடித்தபோது எடுத்த ரிப்போர்ட்டில் எந்த வகை பி.சி.ஆர்.–ஏ.பி.எல். என்று போட்டிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு பி210 என்ற வகை. வழக்கமான பரிசோதனை அதைத்தான் எண்ணும். மிகச் சிலருக்கு பி190, பி230 என்ற அரிய வகைகள் இருக்கும்; அவர்களுக்கு வழக்கமான பரிசோதனை செய்தால் 'இல்லை' என்று வரும், நோய் இருந்துகொண்டே இருக்கும். அந்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனை மாறினால் அதுதான் முதலில் தேவைப்படும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் என்ன ஆகும்? இமாட்டினிப் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 18 மணி நேரம் ஆகும். தினமும் ஒரே நேரத்துக்குப் போட்டால் அடுத்த மாத்திரை வரும்வரை அளவு தேவையான மட்டத்துக்குக் கீழே இறங்காது. 48 மணி நேர இடைவெளி விட்டால் இரண்டாம் நாள் முழுக்க மருந்து போதாமல் இருக்கும். அந்த நேரத்தில் நோய் அணுக்கள் பெருகும். பெருகும்போதுதான் அந்தப் புரதத்தின் உருவம் சற்று மாறி, மருந்து உட்காராதபடி ஆகும் வாய்ப்பு வருகிறது. டி315ஐ என்ற மாற்றம் வந்துவிட்டால் இமாட்டினிப் மட்டுமல்ல, அடுத்த கட்டமான டசாட்டினிப், நிலோட்டினிப் இரண்டும் பலிக்காது. அதற்குப் பிறகு இருக்கும் மருந்துகளின் விலை வேறு உலகம். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரை டப்பாவின் மூடியிலேயே சில்லு வைத்து எத்தனை முறை திறந்தார்கள் என்று எண்ணினார்கள். பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் 94.5 சதவீதம் பேர் 0.1 என்ற படியை எட்டினார்கள். அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் எட்டியது 28.4 சதவீதம். 87 பேர் மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான்; ஆனால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது சிறியது என்று தள்ள முடியாது. மாதத்தில் மூன்று நாள் விட்டாலே அந்த 90 சதவீதக் கோட்டில் போய் நிற்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது 50 சதவீதம். தொந்தரவு தாங்கவில்லை என்றால் மருத்துவர் 300 மி.கி.க்குக் குறைக்கலாம், ஆரம்பத்தில் அதற்குக் கீழே போவதில்லை.

சாப்பிடும் முறையிலேயே பாதி தொந்தரவைக் குறைத்துவிடலாம். இமாட்டினிப் இரைப்பையை எரிச்சலூட்டும். அன்றைய பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் முழுதும் குடித்து விழுங்க வேண்டும். விடியற்காலையில் வெறும் டீத்தண்ணீரோடு போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் குமட்டலும் வாந்தியும் அதிகம். அப்பாவுக்கு மத்தியானச் சோறு எங்கே, எப்போது என்று நிச்சயமில்லை என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் போடட்டும். ஆனால் போட்டதும் படுக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தோ நடந்தோ இருக்க வேண்டும். விழுங்க முடியாவிட்டால் 400 மி.கி. மாத்திரையை ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கி, கரைந்ததும் உடனே குடித்து, அதே டம்ளரை மறுபடி அலசிக் குடிக்கலாம். அம்மியில் இடிக்கவோ பொடியாக்கவோ வேண்டாம். அந்தப் பொடி தோலிலும் மூச்சிலும் படக் கூடாது, குறிப்பாக வீட்டில் கர்ப்பிணி இருந்தால். போட்டபின் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டாம், மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போடட்டும். மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் சாப்பாட்டோடு போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் ஒன்று மட்டும்தான், இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. ஓ.பி. வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 'வெறும் வயித்துல போடணும், அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது' என்று சொல்லியிருப்பார். அவர் போடுவது நிலோட்டினிப்பாக இருக்கும்; அதற்கு அதுதான் விதி. இதே நோய்தான், ஆனால் மாத்திரைக்கு மாத்திரை விதி மாறும்.

கண்ணிமை வீக்கம் இந்த மருந்தில் மிகச் சாதாரணம். இமையின் தோல் மெல்லியது, ராத்திரி படுத்திருக்கும்போது நீர் அங்கே தேங்கும். எழுந்து நடமாடினால் மத்தியானத்துக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். தலைக்கு இன்னொரு தலையணை வையுங்கள். உப்பைக் குறையுங்கள்: ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடையில் வாங்கும் காரவகை இந்த நான்கையும் விட்டாலே பலருக்கு இறங்கிவிடுகிறது. மருத்துவர் தேவைப்பட்டால் நீர் போக ஒரு மாத்திரை எழுதுவார். அதைத் தானாகக் கடையில் வாங்கக் கூடாது, பொட்டாசியம் இறங்கிக் கால்பிடிப்பு இன்னும் கூடும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்த்து எழுதி வையுங்கள். சில நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, வயிறு உப்பினாலோ அது வெறும் இமை வீக்கம் இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கால்பிடிப்பும் இதே மாதிரிதான். பலருக்கு வருகிறது, முதல் வருடத்தில் அதிகம், பிறகு பெரும்பாலும் தணியும். ஏன் வருகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த மருந்தில் பாஸ்பேட் இறங்குவது தெரிந்த விஷயம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அதைச் சேர்ப்பதில்லை என்பதால் தப்பிவிடும். சரிவில் ஏறி இறங்கி வேலை செய்கிறவருக்கு வியர்வையில் போகும் நீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். குளிராக இருக்கிறதே என்று ஏற்காட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை அரை நிமிடம் நீட்டி விடுவதை இரண்டு மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். பிடித்தபோது கால்விரல்களை முகத்தை நோக்கி மடக்கினால் விடும். கால்சியம் மாத்திரை பலருக்கு உதவுகிறது. எல்லாருக்கும் உதவும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு காலில் மட்டும் வீங்கி, சூடாகி, விடாமல் வலித்தால் அது பிடிப்பாக இல்லாமல் ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

இன்னும் சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பார்த்துப் பயப்படாமல் இருக்க. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு இந்த மருந்தால் முகமும் கையும் வெளுக்கலாம். வெண்குஷ்டம் என்று ஊரில் பேசுவார்கள், அது இல்லை. தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்குத் தேவையான இன்னொரு புரதத்தையும் மருந்து தடுப்பதால் வருவது அது. மருந்து நின்றால் திரும்பும். கண்ணின் வெள்ளையில் திடீரென்று ரத்தச் சிவப்பு தெரிந்தால், வலியும் பார்வை மங்கலும் இல்லாவிட்டால், பெரும்பாலும் தானாகக் கரையும். ஆனாலும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது. முதல் சில மாதங்களில் எண்ணிக்கை தேவைக்குக் கீழேயும் இறங்கலாம். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு வகை 1,000-க்குக் கீழே, அல்லது தட்டணு 50,000-க்குக் கீழே போனால் மருத்துவர் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி, 1,500-க்கும் 75,000-க்கும் மேலே வந்ததும் மறுபடி தொடங்குவார். அந்த நிறுத்தம் வேறு, நீங்கள் கேட்கும் நிறுத்தம் வேறு. ஈரலுக்கும் இதே மாதிரி வரம்பு உண்டு. ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று ஆரம்பத்தில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் அந்த வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும்.

நாட்டு மருந்து பற்றி நேராகவே சொல்கிறேன். இமாட்டினிப்பை விட்டுவிட்டு அதற்குப் போவதற்கு மருத்துவ அறிவில் எந்த இடமும் இல்லை, பி.சி.ஆர்.–ஏ.பி.எல். அளவைக் கீழே இறக்கும் என்று நிரூபிக்கப்பட்ட லேகியமோ பஸ்பமோ கிடையாது. இதோடு சேர்த்து எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இமாட்டினிப்பை உடைத்து வெளியேற்றும் வேலையை ஈரலில் உள்ள ஒரு நொதி செய்கிறது. பல மூலிகைகளும் அதே வழியைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். எது எவ்வளவு என்று பெரும்பாலானவற்றுக்கு அளந்து பார்த்த கணக்கு இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: பஸ்பத்தால் ஈரல் எண்கள் ஏறலாம், மருத்துவர் அதை இமாட்டினிப்பின் வேலை என்று நினைத்து நல்ல மருந்தை நிறுத்திவிடக்கூடும். பப்பாளி இலைச்சாறு உட்பட எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

அதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மெடிக்கல் கடையில் உடம்புவலிக்கும் சளிக்கும் கலந்து மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரை. அதில் டெக்சாமெத்தசோன் இருக்கலாம். அது நொதியை முடுக்கி இமாட்டினிப் அளவைக் குறைக்கும். வலி மாத்திரை இருக்கும். தட்டணு குறைந்தவருக்கு அது ரத்தக்கசிவை வரவழைக்கும். பாரசிட்டமால் பல பெயரில் இரண்டு மூன்று முறை வந்துவிடும்; இமாட்டினிப்போடு அதிக அளவில் சேர்ந்தால் ஈரலுக்கு ஆபத்து. காசநோய்க்கு ரிபாம்பிசின் தொடங்கினால் இமாட்டினிப் அளவு நான்கில் ஒரு பங்காகச் சரிந்துவிடும், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயினும் குறைக்கும். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல் இரண்டும் இமாட்டினிப்பைக் கூட்டும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு அதன் தேவை கூடலாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், இமாட்டினிப் அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுவதுதான் வழி.

ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம். ஏற்காட்டில் விளையும் தோல் தளர்ந்த கமலா ஆரஞ்சில் இந்த நொதியைத் தடுக்கும் பொருள் குறிப்பிடும்படி இல்லை. தவிர்க்க வேண்டியவை கிரேப்ஃப்ரூட், அதன் உறவான பம்பளிமாஸ், கசப்பு ஆரஞ்சு மூன்றும். கிரேப்ஃப்ரூட் இங்கே யாரும் வாங்குவதில்லை, பம்பளிமாஸ் சில வீட்டுத் தோட்டங்களில் இருக்கும்; அதை மாத்திரை போடும் காலம் முழுக்க விட்டுவிடச் சொல்லுங்கள், ஒரு நாள் சாப்பிட்டாலும் அதன் விளைவு ஓரிரு நாள் நிற்கும். மிளகு, மஞ்சள் சமையலில் போடும் அளவுக்குக் கவலை இல்லை. மஞ்சள் மாத்திரையாக, மிளகுச் சாரம் சேர்த்துக் கடைகளில் விற்பதை வாங்க வேண்டாம்.

கம்பெனி மாறியது பற்றி. முதலில் வந்தது நோவார்டிஸின் கிளிவெக், அப்போது மாதச் செலவு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கில், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைக் காட்டி 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பால் நாட்கோவின் வீனாட் உள்ளிட்ட இந்தியத் தயாரிப்புகள் சாதாரணக் குடும்பம் தொடும் விலையில் தடையில்லாமல் தொடர்ந்து கிடைத்தன. ஜெனரிக் மாத்திரைகள் மூல மருந்துக்கு இணையாகவே வேலை செய்கின்றன என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. எனவே ஒருமுறை மாறியதற்குப் பயம் வேண்டாம். மாதாமாதம் மாறிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது. மாறினால் தேதியைக் குறித்து வைத்து, அடுத்த பி.சி.ஆர். தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதும் தொகுதி எண்ணும் இல்லாமல் யார் தந்தாலும் வாங்காதீர்கள். மாத்திரையின் மி.கி.யையும் பாருங்கள்: 400 ஒன்று, அல்லது 100 நான்கு. கம்பெனி மாறும்போது 100 மி.கி. அட்டையை வாங்கி வந்து, பழக்கத்தில் தினம் ஒன்றே போட்டுக்கொண்டிருப்பது நடக்கும் தவறு.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லை என்றால் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு சேலம் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால் அங்கேயே மாத்திரைக்கு வழி உண்டா என்று கேளுங்கள். வெளியில் வாங்குவதானால் மக்கள் மருந்தகத்தின் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிறுத்தவே முடியாதா என்றால், சிலரால் முடியும், இப்போது முடியாது. குறைந்தது மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது பி.சி.ஆர். எண் 0.01 சதவீதமோ அதற்குக் கீழேயோ தொடர்ந்து நின்றவர்களுக்கு மருத்துவரே நிறுத்திப் பார்க்கிறார். அப்படி நிறுத்தியவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் அந்த ஆறு மாதமும் மாதாமாதம் பி.சி.ஆர். எடுத்தே ஆக வேண்டும். திரும்பியவர்களுக்கு மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் மறுபடி அடங்கிவிடுகிறது. யாருக்கு நிலைக்கும், யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லும் வழி இன்னும் கைவரவில்லை. நீண்ட நாள் மருந்து எடுத்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்ற அளவுக்குத் தெரியும்.

மலையில் இருப்பதால் இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிந்து மலைப்பாதை அடைபடும் நாட்கள் வரும். எப்போதும் பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும், அட்டையைவிட்டுப் பிரிக்காமல், ஈரம் படாத டப்பாவில், அடுப்பு மேடைக்குத் தள்ளி. அடுத்து, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மலம் கறுத்துப் போனாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ, இடப்பக்க விலாவுக்குக் கீழே வலியும் பாரமும் வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் கீழே இறங்கும் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே பேசி வையுங்கள். பி.சி.ஆர். ரிப்போர்ட் வந்ததும் எந்த மாதம், எத்தனை சதவீதம், எந்த வகை, இந்த மூன்றையும் எழுதுங்கள். ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். டோஸை மாற்றும் முடிவு அவரைப் பார்க்கும் மருத்துவருடையது. அதுவரை தினம் 400, ராத்திரிச் சாப்பாட்டோடு.